முப்பது தடைகள்

காலை ஒன்பதரைக்கு எல்லோரும் பலகை முன்னால் நின்றபடியே பேச வேண்டும் என்பது கம்பெனியில் புதிதாக வந்த முறை. நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், வேலைக்கு என்ன தடை?

"மேடம், உங்களுக்கு?" என்று கேட்டார் அந்த முறையைச் சொல்லித்தர வந்த பயிற்சியாளர்.

"பிரிண்டர் மறுபடியும் மக்கர் பண்ணுது சார்" என்றாள் ரெக்கார்டு ரூம்காரி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். இப்போதெல்லாம் அவளுக்கு மட்டும் நாள் தவறாமல் ஒரு தடை. நேற்று நாற்காலிச் சக்கரம், முந்தாநாள் பீரோ சாவி. கூட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் நேரே கீழ்த்தளத்துக்கு வந்து சரிசெய்துவிட்டுத்தான் போவார். போகும்போது "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்பார். அவரைத் தவிர அந்த அறைப் பக்கம் ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்காது.

இன்று பிரிண்டர் வயரை அழுத்திச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு நல்ல சேதி மேடம். மூணு மாசத்துல நாப்பது தடையை நீக்கிட்டேன்னு எனக்கு ப்ரமோஷன். அதுல முப்பது உங்களுது! திங்கக்கிழமையிலேர்ந்து நான் தலைமை ஆபீஸ். இங்க இனிமே கூட்டமும் வேண்டாம்னுட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்."

காலடிச் சத்தம் படியேறி ஓய்ந்தது. அவள் மேஜை டிராயரைத் திறந்தாள். மேஜை விளக்கின் பல்பு, மின்விசிறியின் ரெகுலேட்டர் குமிழ், அலமாரிக் கைப்பிடி. அடுத்த வாரத்துக்கென்று அவளே கழற்றி வைத்தவை.

ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். மத்தியானத்துக்குள் அந்த அறையில் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன.