நாற்பத்திரண்டு டிகிரி

மனித குலத்தின் தோல்விகள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான்: தோராயம்.

இதை நான் காலை எட்டரை மணிக்குச் சமையலறையில் அக்காவிடம் அறிவித்தேன். அவள் அப்போது ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் முழங்கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டைக் கரைக்கத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் முறையாம் அது. அக்கா மூன்று வருடம் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவள். அத்தனை குழந்தைகளையும் அந்த முழங்கையை நம்பித்தான் குளிப்பாட்டியிருக்கிறாள். ஒன்றுகூட வெந்துபோனதாகப் புகார் இல்லை.

"முழங்கைல எத்தனை டிகிரி வரைக்கும் கோடு போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"போடா, பெரிய விஞ்ஞானி" என்றாள்.

ஆனால் முழங்கையை வெளியே எடுத்துவிட்டாள்.

காப்பகத்தை மூடி ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றுவிட்டார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இப்போது தெருமுனை பேக்கரியில் ஆள் தேவை. முதலாளியம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டில் நீயே சுட்ட ரொட்டியை இன்று நாலு மணிக்குள் கொண்டுவந்து காட்டு. அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன்.

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு. இப்படிப்பட்ட நாளில் வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை.

அவள் வைத்திருந்த தண்ணீரைக் கொட்டினேன். கைபட்ட தண்ணீர் ஆய்வுக்கு உதவாது. கெட்டிலிலிருந்து வெந்நீரும் குழாயிலிருந்து பச்சைத்தண்ணீரும் கலந்து, மருந்துப் பெட்டியில் கிடந்த தெர்மாமீட்டரை உள்ளே விட்டேன்.

"நாப்பத்திரெண்டு. இதுக்குப் பேர்தான் துல்லியம்."

"நுரையே வரலையேடா."

"பிசைஞ்சா வரும்."

"மாவு சூடா இருக்கு."

"இருக்கணும்."

அக்கா பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள்.

பத்தரை மணிக்குத் துணியை விலக்கினோம். மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. விரலால் குத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே கிடந்தது.

உடனே ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர்களும் நான். ஜன்னல் மூடியிருந்தது. உப்பு அளவாகத்தான் போட்டிருந்தாள். ஈஸ்ட் பாக்கெட்டுக்கு இன்னும் எட்டு மாதம் ஆயுள் இருந்தது. தண்ணீரை மட்டும் விசாரிக்கவில்லை, அதற்குத்தான் அத்தாட்சி இருந்ததே. கடைசியில் அறிக்கையை வெளியிட்டேன்: கோளாறு பிசைந்த கையில்.

அக்கா திட்டவில்லை. எனக்கு வயது இருபது. இது முதல் தடவை.

விரலிடுக்கில் ஒட்டியிருந்த மாவை உரித்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு எதுதான்டா சரிப்பட்டு வந்திருக்கு. அந்தம்மாகிட்ட வரலைன்னு சொல்லிடறேன்."

போனைத் தேடி உள்ளே போனாள்.

தெர்மாமீட்டரைப் பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்தேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர், உதறினால்தான் இறங்கும். காலையில் ஏறிய பாதரசம் இன்னும் நாற்பத்திரண்டிலேயே நின்றது.

நாற்பத்திரண்டுக்கு மேல் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. கோடுகள் அதோடு முடிந்துவிட்டன. அதற்கு மேல் மனிதர்களுக்குக் காய்ச்சல் அடிக்காது போலிருக்கிறது. கெட்டிலுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. தண்ணீர் அறுபதோ எழுபதோ, பாதரசம் ஏறுகிற வரைக்கும் ஏறி உச்சியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

உள்ளே அக்கா "ஹலோ, மேடம்" என்றாள்.

ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கிக் கட் செய்தேன்.

"உன் கை இல்லக்கா. என் தண்ணி. ஈஸ்ட வேகவச்சுட்டேன்."

நான் ஆற்றிய உரைகளிலேயே சிறியது அதுதான். தெர்மாமீட்டரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேல் தட்டுல இன்னொரு பாக்கெட் இருக்கு. கரைச்சு எடுத்துட்டு வா. இதே மாவுல சேர்த்துப் பிசைஞ்சுக்கலாம். ஆளப் பாரு."

மாவுக் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னறை மேசைக்குப் போய்விட்டாள்.

வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்தேன். தெர்மாமீட்டர் அவளிடமே இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள்.

"எத்தனை டிகிரிடா?" முன்னறையிலிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்தது.

சமையலறைக் கதவைச் சாத்தினேன். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, முழங்கையை மெதுவாகக் கிண்ணத்துக்குள் இறக்கினேன்.