சட்டையில் ஒட்டிய வீடு

நாங்கள் இடிக்கப் போன வீட்டில் ஒரு நாய் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டாராம். நாய்க் காப்பகத்து ஆட்கள் வந்து அதை வண்டியில் ஏற்றிப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. போய்க் கேட்டு வாங்கி வந்தேன், பூரி என்று பெயர் வைத்தோம். தினமும் அந்த வீட்டை இடிக்கும் வேலை முடிந்து வாசலில் கால் வைத்தால் மேலே பாய்ந்து சட்டையெல்லாம் நக்கும். "கட்டிக்கிட்ட நான்கூட இப்பிடி ஓடியாந்ததில்லய்யா," என்று மரகதம் சிரிப்பாள். என் உடம்புவலி எங்கே போகுமோ தெரியாது. நேற்றோடு அந்த வீடு தரைமட்டம். இன்று வேறு இடத்தில் மண்வெட்டும் வேலை. திரும்பி வந்ததும் பூரி ஓடிவந்து என்னை மோந்தது. பிறகு போய், கொடியில் தொங்கிய நேற்றைய சட்டைக்கடியில் படுத்துக்கொண்டது. சட்டை முழுக்க அந்த வீட்டுச் சுண்ணாம்புத் தூசி. "அப்ப இத்தன நாளா என்னைத் தேடலயா இது?" என்றேன். "வாயில்லாத ஜீவன்கிட்டப் போயி பஞ்சாயத்து வைக்கிற. சோப்பு கரைச்சாச்சு, இதை ஊறப்போடவா வேணாமா?" மரகதம் சட்டையை உருவினாள். பூரி தலையைத் தூக்கி, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தது. எதற்கென்று விளங்கவில்லை. "கொஞ்சம் பொறு மரகதம்," என்றேன். சட்டையை வாங்கி மறுபடியும் கொடியில் போட்டேன்.