வெர்லீனின் தொப்பி

"பாத்தியா, வந்துட்டா! மகன் கையை முறிப்பானாம், அம்மா கேக் குடுத்து ஒட்ட வைப்பாளாம்!"

யூலாலியின் முணுமுணுப்பு தேவாலயச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசைவரை கேட்டது.

வெர்லீன் குடை மாதிரி அகலமான அந்தத் தொப்பியோடு, ஞாயிறுதோறும் செய்வதுபோல் கேக்கை லெமுவேல் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

லெமுவேல் அங்கே ஆர்கன் வாசிப்பவர். வசந்தத்தில் ஒருநாள், காரின் பின்விளக்கு எரியவில்லை என்று தேவாலய வாசலிலேயே அவரை மடக்கினான் போலீஸ்காரன் டெரல், வெர்லீனின் ஒரே மகன். வெளியே இழுத்துத் தரையில் தள்ளிக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு போயிற்று. இப்போது இடது கை மட்டும்தான் வாசிக்கிறது.

"பாதிப் பாட்டுதான் மேல போய்ச் சேருது," என்பாள் யூலாலியின் பக்கத்தில் உட்காரும் பெர்னீஸ்.

டெரல் மீதும் நகராட்சி மீதும் உரிமை மீறல் வழக்கு. அவன் சட்டையில் இருந்த காமிரா அன்றைக்கென்று பார்த்து ஓடவில்லையாம். லெமுவேல் தானாகவே விழுந்தாராம்.

லெமுவேலின் வழக்கறிஞர் இமானி கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"மிஸ் யூலாலி, சாட்சி பேர் குடுக்க நாளைக்குத்தான் கடைசி நாள். ஒருத்தராவது வேணும், இல்லேன்னா கேஸ் நிக்காது. அன்னிக்கு நீங்க எல்லாரும் வாசல்ல மீன் பொரிச்சிட்டு இருந்தீங்களே!"

"இருந்தோம் கண்ணு. ஆனா நான் மீனைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தேன். கருகிட்டா பாஸ்டர் சும்மா விடுவாரா?"

"நீங்க, மிஸ் பெர்னீஸ்?"

"நான் பாத்திருப்பேம்மா. இந்த வெர்லீன் முன்னாடி வந்து நின்னுட்டாளே! அவ தொப்பியைத் தாண்டி அலபாமா மாநிலமே தெரியாது."

"ஆமா, அந்தத் தொப்பி!"

மேசையிலிருந்த அத்தனை பேருக்கும் சட்டென்று தொப்பி ஞாபகம் வந்தது. தேவாலயப் பொறுப்பாளரான டீக்கன் ஆறடிக்கு மேல் உயரம். அவருக்கும் மறைத்திருந்தது.

லெமுவேல் கேக்கைத் தொடாமல், மடங்காத விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதான் நின்னிருப்பா," என்றாள் யூலாலி. "இப்ப பாரு, வக்கீலுக்கும் ஒரு துண்டு கொண்டு வர்றா. அது கேக் இல்லடி, லஞ்சம்!"

வெர்லீன் தட்டை இமானியின் முன் வைத்தாள். தொப்பியைக் கழற்றி மேசை நடுவில் வைத்தாள்.

"பேனா இருக்காம்மா? என் பேரை எழுதிக்க."

இமானி தயங்கினாள். "மிஸ் வெர்லீன்... எதிர்த்தரப்புல உங்க மகன்."

"பெத்தவகிட்டயே சொல்றியா? எழுதும்மா."

வெர்லீன் யூலாலியையும் பெர்னீஸையும் டீக்கனையும் பார்த்துச் சிரித்தாள்.

"என் தொப்பி இவங்களுக்கெல்லாம் மறைச்சுது. நான் அதுக்கு அடியிலதானே நின்னேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சுது."