சோலைராஜ் கலர்

ராஜபாளையத்தில் புதிதாகக் கலர் சோடா கம்பெனி போட்ட சோலைராஜ், அதற்குப் பேர் தேடி ஒரு வாரம் வீட்டை இரண்டாக்கினார்.

“நம்ம மக ஜெயக்கொடி பேரை வைங்களேன்” என்றாள் மனைவி வேலுத்தாய்.

“பொம்பளப்பிள்ள பேரு எவன் வாயில நிக்கும்? என் பேருதான்!”

பாட்டிலுக்குப் பாட்டில் ‘சோலைராஜ் கலர்’ என்று லேபிள் ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கடை போட்டு, வேலுத்தாயை வியாபாரத்துக்கு உட்கார வைத்தார்.

சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. ஊர் வாயில் தன் பேரைக் கேட்க, மாசக் கடைசியில் மீசையை முறுக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

ஒரே கூட்டம்.

“யக்கா, ஜெயக்கொடி அப்பா கலர் ஒண்ணு!”

“எனக்கு ரெண்டு ஜெயக்கொடி அப்பா!”

சோலைராஜ் மனைவியை முறைத்தார்.

வேலுத்தாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வாரவுக எல்லாம் ‘என்ன கலரு’ன்னு கேக்காக. கட்டுன புருஷன் பேரு என் வாயில வருமா?”