கண்ணாயியின் தூக்க வைத்தியம்

"நான் ஒருத்தியத் தூங்க வெக்கோணும்னு நெனச்சாப் போதும் கண்ணு, பக்கத்து மலையும் சேர்ந்து கொறட்டை விடும். போன வருசம் ஒரு புலி எங்க ஊட்டு வாசல்ல படுத்துத் தூங்கிட்டு, விடிஞ்சதும் வெக்கப்பட்டு எந்திரிச்சுப் போச்சு."

பக்கத்து வீட்டுக்குள், பாப்பாயியின் பாயருகே வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்தபடி கண்ணாயி சொன்னாள். பாப்பாயி நம்பவில்லை.

"புலி வெக்கப்பட்டத நீங்க பாத்தீங்களாக்கா?"

"மொகம் செவந்திருந்துச்சே."

பாப்பாயி தூங்கி ஒரு யுகம் ஆகியிருந்தது. அவள் புருஷன் சென்றாயன், ஜப்பான்காரன் சண்டையின்போது ரோடு போட அசாமுக்குப் போனவன். சண்டை முடிந்தும் வரவில்லை. கண்ணயர்ந்தால் அவன் வரும் சத்தம் கேட்காமல் போய்விடுமென்று இவள் இமையை மூடுவதே இல்லை. மலைமேலிருந்த அந்தத் திண்ணனூர் நாட்டு ஆந்தைகளெல்லாம் இரவுக் காவலை இவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயின. நேற்றுச் சாமைக் காட்டில் நின்றவாக்கில் மயங்கி விழுந்தாள். அரிவாள் கழுத்துக்கு நூலளவு தள்ளி விழுந்தது.

வீட்டு மூலையில் ஒரு புதுப்பானை இருந்தது. மலையிறங்கி நெடுநாள் இருந்துவிட்டு வருகிறவர், விடியற்காலையில் எல்லையம்மனுக்குப் புதுப்பானையில் பொங்கல் வைத்த பிறகுதான் தன் வீட்டு வாசலை மிதிக்கலாம். அதுவரை பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூடாது. அந்த ஊர்க் கட்டு அப்படி. அந்த நாளுக்காக வாங்கிய மண்பானையைப் பாப்பாயி துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

"இப்பிடியே முழிச்சுக் கெடந்தா, அவன் வர்றன்னைக்கு உன்னைப் படுக்க வெச்சுத்தான் காட்டோணும்," என்று கண்ணாயி வைத்தியத்தைத் தொடங்கினாள். நொச்சித்தழை போட்ட வெந்நீரில் பாதங்கள். உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய். ஒரு குடுவை சாமைக் கஞ்சி. விளக்குத் திரி உள்ளே இழுக்கப்பட்டது. இதற்கே பாறாங்கல் கொட்டாவி விடுமாம்.

வேலிக்கு அப்பால், கண்ணாயி வீட்டுக் கொல்லையில் யாரோ விறகு பிளந்தார்கள். இரண்டு வெட்டு, ஒரு செருமல். மறுபடி இரண்டு வெட்டு, ஒரு செருமல்.

"ஆருக்கா அது?"

"எங்க ஊட்டுக்கு வந்த ஒறம்பரை. உன் வெந்நி காஞ்சதே அவரு பொளந்த வெறகுலதான். பேசாம படு."

இதெல்லாம் தன்னிடம் பலிக்காது, வேண்டுமானால் புலியைக் கூட்டிவந்து படுக்க வையுங்கள் என்று பாப்பாயி முனகினாள். வெட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இதே மாதிரித்தான் அக்கா..." என்று எதையோ தொடங்கினாள். அந்தப் பேச்சு முடியவே இல்லை.

விழித்தபோது வெயில் பாய்வரை வந்திருந்தது. மூலையைப் பார்த்தாள். புதுப்பானையைக் காணோம்.

வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். எல்லையம்மன் கோயில் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது. வாசலில் கண்ணாயி.

"பானைய நாந்தான் எடுத்துக் குடுத்தேன் கண்ணு. நேத்துப் பொழுது சாயறப்பவே வந்துட்டான். சொல்லியிருந்தா நீ வேலியத் தாண்டியிருப்பே."

பொங்கல் பானையைச் சுமந்துகொண்டு, மெலிந்து கறுத்த ஓர் ஆள் மேட்டில் ஏறி வந்தான். வாசலில் நின்று செருமினான்.

பாப்பாயி கலைந்த கூந்தலை அவசரமாய் அள்ளி முடிந்தாள்.

"ஏனுங்க... நீங்க வந்தப்ப நான் தூங்கிட்டேனுங்க."