ஒன்றரை மணி நேரம்

“என்னங்க, நிஜமாவே ஒன்றரை மணி நேரம்தானே?” சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே மூன்றாவது தடவையாகக் கேட்டாள் மனைவி.

“டிக்கெட்லயே போட்டிருக்கே. பத்து அஞ்சுக்குக் கிளம்புது, பதினொண்ணு நாப்பதுக்கு இறங்குது. நீயே கழிச்சுப் பாரு,” என்றார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

கழித்தால் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. இறங்கும் ஊரில் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்; ஐந்து மணி ஐந்து நிமிடம். சொன்னால் இப்போதே எழுந்து இறங்கிவிடுவாள். ஏற்கெனவே இரண்டு முறை கடைசி நேரத்தில் நின்றுபோன பயணம். பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் போனில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

விமானப் பணிப்பெண் பயண நேரத்தை அறிவிக்கத் தொடங்கியதும் வாத்தியாருக்குப் பலத்த இருமல் வந்தது.

“தண்ணி குடிங்க. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?”

“பெல்ட்டைக் கழட்டாதேன்னு சொன்னா.”

விமானம் எழும்பியது. அவள் அவர் கையை இறுகப் பிடித்தாள். “எனக்குப் படபடன்னு வருது. ஏதாவது பேசிட்டே வாங்க.”

பேசினார். இறக்கை எப்படித் தாங்குகிறது என்று கை துடைக்கும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். விமானம் குலுங்கியபோது, “மேலயும் மேடு பள்ளம் உண்டு. நம்ம தெரு மாதிரிதான்,” என்றார். எதிரே இருந்த திரையில் மீதித் தூரம் 2,900 என்று வந்ததும் சட்டென்று அணைத்தார்.

“ஏன் அணைச்சீங்க?”

“கண்ணுக்குக் கெடுதல்.”

ஒன்றரை மணி நேரம் கடந்தது.

“இன்னும் இறங்கலையே?”

“கீழ இடம் இல்லையாம். வரிசையில நிக்குது.”

“ஆகாசத்துல என்னங்க வரிசை? சினிமா கவுண்ட்டரா இது?”

மூன்றாவது மணியில் வாத்தியாரிடம் பொய் தீர்ந்துபோனது. உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “கட்டின பொண்டாட்டியை இப்படியா ஏமாத்துவீங்க? இனிமே இறங்குற வரைக்கும் கையை விடக் கூடாது, ஆமா!”

அவர் விடவில்லை. சாப்பாட்டைக்கூட இடது கையால் சமாளித்தார்.

இறங்கி வெளியே வந்தபோது மகள் குழந்தையோடு நின்றிருந்தாள். வாத்தியார் பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மகள் அம்மாவின் காதருகே குனிந்தாள். “எப்படிம்மா அப்பாவை ஏத்தின? ரெண்டு தடவையும் ஏர்போர்ட் வாசல்லயே வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிப் போனவராச்சே!”

“எனக்குத்தான் பயம்னு சொன்னேன். தினமும் உன்கிட்ட போன்ல பேசுறவளுக்கு மணி வித்தியாசம் தெரியாதா? அஞ்சு மணி நேரமும் எனக்குத் தைரியம் சொல்லிட்டே வந்தாரு. அவருக்குப் பயப்பட நேரமே கிடைக்கல.”