சாவுக்கு மட்டும் அனுமதி

“செத்தது யாரு?”

சுங்கச்சாவடித் தடுப்பருகே நின்ற போலீஸ்காரர், காரிலிருந்து இரண்டடி தள்ளியே நின்று கேட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

“பெரியம்மா, சார்,” என்றான் ஸ்ட்ராட்டிஸ். “தெசலோனிக்கியில. நாளைக்கு அடக்கம்.”

பக்கத்தில் அவன் காதலி மிர்த்தோ கறுப்புச் சால்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். தங்கள் ஊரான லாரிசாவிலிருந்து கிளம்பும்போதே ஞாபகமாக எடுத்து வைத்தது.

கிரீஸ் நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. ஊர் விட்டு ஊர் போகக் கூடாது, சாவு என்றால் மட்டும் விடலாம் என்று உத்தரவு. தெசலோனிக்கியில் நண்பன் ஒருவனின் வீடு காலியாகக் கிடந்தது. சனி, ஞாயிறை அங்கே ஜாலியாகக் கழிக்க ஆசைப்பட்ட ஸ்ட்ராட்டிஸ், சொந்தத்தில் வயதான ஆளாகப் பார்த்துச் சாகடித்துவிட்டான்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா இந்த ஊர்ல பெரியம்மாக்களா செத்துப் போறாங்க,” என்றார் போலீஸ்காரர். “அது என்னவோ, திங்கக்கிழமைல ஒருத்தரும் சாகறதில்ல. செத்தவங்க பேரு என்ன?”

“எவாந்தியா.”

“உன் பேரையும் அவங்க வீட்டு நம்பரையும் சொல்லு. கேட்டுடறேன்.”

ஸ்ட்ராட்டிஸுக்கு வியர்த்துவிட்டது. அந்த ஊரில் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அம்மா ஜெர்மனிக்கு வேலைக்குப் போன காலத்தில் அவனை வளர்த்து ஆளாக்கிய வீட்டின் நம்பர். கல்லுக்குண்டாக இருக்கும் எவாந்தியா பெரியம்மாவின் நம்பர்.

தவக்கால வெள்ளிக்கிழமை. இந்நேரம் கோயிலில் மாதா பூசைக்குப் போயிருப்பாள், போனை எடுக்க ஆள் இருக்காது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டான்.

போலீஸ்காரர் போனோடு தள்ளிப் போனார். யாரிடமோ பேசினார். திரும்பி வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

“தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. போங்க. மிச்சம் இருக்கிற உங்களுக்காவது ஆயுசு கெட்டியா இருக்கட்டும்.”

தடுப்பைத் தாண்டியதும் மிர்த்தோ சால்வையை உருவி எறிந்தாள். “யாருடா போனை எடுத்தது?”

“தப்பு நம்பர் போட்டிருப்பார். எந்த வீட்டுலயோ நிஜமாவே இழவு விழுந்திருக்கு!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை மதியம் அவன் போன் அடித்தது. திரையில் ‘பெரியம்மா’.

“ஐயோ, செத்தவங்க கூப்பிடறாங்க! எடு, எடு!” என்றாள் மிர்த்தோ.

“எடுத்தா எங்க இருக்கேன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது.”

போனைக் கவிழ்த்து வைத்தான்.

சாயங்காலம் காற்று வாங்கப் போனால், கடற்கரையையும் அடைத்து வைத்திருந்தார்கள். சந்து சந்தாகச் சுற்றியதில் பெரியம்மாவின் தெருவே வந்துவிட்டது. மாடி ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமே. நீ அவங்களைப் பாத்து எத்தனை நாளாச்சு?” என்றாள் மிர்த்தோ.

“போன கிறிஸ்துமஸுக்கும் முந்தின கிறிஸ்துமஸ்.”

“பாவி!”

“வயசானவங்கடி. நாம போய் கொரோனாவை ஒட்ட வெச்சிட்டு வரணுமா? எல்லாம் முடியட்டும், ஈஸ்டர் கழிச்சு வரலாம்.”

அது சால்ஜாப்பு என்று அவனுக்கே தெரிந்தது. செத்துவிட்டாள் என்று சொன்ன வாயோடு அவள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தெருவைக் கடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது சுங்கச்சாவடியில் அதே போலீஸ்காரர்.

“அடக்கம் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி?”

“முடிஞ்சுது சார்.”

“அன்னைக்குப் போனை எடுத்தாங்களே, அந்தம்மா யாரு? பெரியம்மாவோட தங்கச்சியா? அவங்களை நினைச்சா ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்ல.”

“எந்தம்மா சார்?”

“வயசான குரல். ‘ஸ்ட்ராட்டிஸ்னு ஒரு பையன் வந்திருக்கான், எவாந்தியாம்மா செத்துட்டாங்கன்னு சொல்றான், நிஜமா?’ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னாங்க: ‘ஆமாங்க, எவாந்தியா செத்துட்டா. எம் பிள்ளைய நிறுத்தி வெக்காதீங்க, பசியோட வருவான்.’”

மிர்த்தோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வீட்டில் பெரியம்மாவைத் தவிர வேறு ஜீவன் கிடையாது. கோயில்களையும்தான் பூட்டிவிட்டார்கள் என்பது அப்போதுதான் ஸ்ட்ராட்டிஸின் மண்டையில் உறைத்தது. தன் சாவுக்குத் தானே சாட்சி சொல்லிவிட்டு, சோற்றை மூடி வைத்துக்கொண்டு, இரண்டு நாளாக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“சார், வண்டியைத் திருப்பணும். நான் உடனே அவங்களைப் பாக்கணும்.”

“யாரை?”

“பெரியம்மாவை! அவங்க சாகல சார். நான் சொன்னது பொய். அபராதம் போடுங்க, வண்டிய வேணும்னாலும் பிடுங்கிக்குங்க. அவங்க உயிரோட இருக்காங்க சார்!”

குழந்தை மாதிரி தேம்பினான்.

போலீஸ்காரர் இரண்டடி இடைவெளியை மறந்து கிட்டே வந்து, அவன் தோளில் கை வைத்தார். லாரிசா பக்கத் தடுப்பைத் தூக்கச் சொல்லி அந்தப் பக்கம் சைகை காட்டினார்.

“எங்கம்மா போனப்ப நானும் இப்படித்தான் சொல்லிட்டுக் கிடந்தேன் தம்பி. வீட்டுக்குப் போங்க.”